50% ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கையிலிருந்து எவ்வளவு போகும்? கல்லூரிச் செலவை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே சென்னையில் பெற்றோர்களின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். “உங்க பொண்ணு மார்க்குக்கு 50% ஸ்காலர்ஷிப் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள 25,000 கட்டிட்டா சீட் உறுதி” என்று ஒரு கல்லூரி சொல்லும். “முதல் வருஷம் ஹாஸ்டல் ஃப்ரீ” என்று இன்னொன்று. அரசு நடத்தும் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வோ பெரும்பாலும் ஜூலையில்தான் சூடு பிடிக்கும். நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தில்தான் பல வீடுகளில் தவறான கல்லூரிக்கு அட்வான்ஸ் போய்ச் சேர்கிறது.

எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதை வைத்துக் கல்லூரிகளை ஒப்பிட முடியாது. படிப்பு முடியும்வரை உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் மொத்தப் பணம் எவ்வளவு, அந்த ஸ்காலர்ஷிப் நடுவில் நின்றுபோனால் அது எவ்வளவாகும் என்ற இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு இந்தக் கட்டுரை. பெரும்பாலும் பொறியியலை வைத்தே பேசுகிறேன்; குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான்.

படி 1: முழு விலை எவ்வளவு, அதை யார் வைத்தது?

50% என்றால் எதில் 50%? இதைக் கேட்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

சென்னையைச் சுற்றி ஒரே பி.இ. படிப்புக்கு மூன்று விதமான விலை இருக்கிறது. கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி போன்ற அண்ணா பல்கலைக்கழக வளாகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் கட்டணம் மிகக் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரிகளில், கலந்தாய்வு வழியாக வரும் மாணவருக்கான கல்விக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2017-ல் அந்தக் குழு நிர்ணயித்தபோது, தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், மற்றவற்றுக்கு 50,000 ரூபாய். கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 87,000 மற்றும் 85,000. இந்த வருடத்து எண்ணைக் கலந்தாய்வு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் அளவுகோல். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன.

மூன்றாவது வகை நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்கள். அவற்றின் விலையை அவையே வைக்கின்றன. இந்தக் குழுவின் உச்சவரம்பு அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆண்டுக்கு 3 லட்சம் என்று விலை வைத்துவிட்டுப் பாதியைக் குறைத்தாலும் 1.5 லட்சம் கட்ட வேண்டும். அதே படிப்பு, நகரத்தின் வேறொரு மூலையில், எந்த ஸ்காலர்ஷிப்பும் இல்லாமலேயே 55,000 ரூபாய்க்குக் கிடைக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விலை வைக்கும் முறை அப்படி. விஐடி-யில் நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள் வைத்திருப்பதும் இதே தர்க்கம்தான். அங்கே ஸ்காலர்ஷிப் என்ற பெயர் இல்லாமலேயே ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு வேறு தொகை கட்டியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. ஐஐடி-யில் ஆண்டுக்கு 2 லட்சம் கல்விக் கட்டணம் என்று கேட்டவுடனே பயந்து ஒதுங்கும் வீடுகள் இருக்கின்றன. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. என்ஐடி-யிலும் இதே முறைதான். அங்கே கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம், மூன்றில் இரண்டு பங்கு போனால் கட்ட வேண்டியது சுமார் 42,000. பெரிய விலையைப் பார்த்துப் பயப்படுவதும் சரி, பெரிய தள்ளுபடியைப் பார்த்து மயங்குவதும் சரி, இரண்டுமே கணக்கைக் கெடுக்கும்.

கலை, அறிவியல் படிப்பென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? சென்னையின் பழைய கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிஃப்ட் உதவி பெறுவது, மதிய ஷிஃப்ட் சுயநிதி. ஒரே கட்டடம், ஒரே பாடம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். அட்மிஷன் ஃபாரத்தில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டிருப்பார்கள், ரெண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

படி 2: செலவுத் தாள் போடுங்கள்

ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எக்செல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. மேலே கல்விக் கட்டணம். அதன் கீழே, போனில் யாரும் தாமாகச் சொல்லாத மற்றதெல்லாம் வரும்.

சேரும்போது ஒருமுறை கட்டுவது: அட்மிஷன் ஃபீஸ், திருப்பித் தரக்கூடிய காஷன் டெபாசிட், யூனிஃபார்ம், லேப்டாப், டிராஃப்டர், லேப் கோட். வருடாவருடம் கட்டுவது: வளர்ச்சி நிதி, அசோசியேஷன், நூலகம், ஆய்வகம், ‘ப்ளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்ற பெயரில் ஒரு தொகை. செமஸ்டருக்கு ஒருமுறை தேர்வுக் கட்டணம். ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்றால், இந்த மற்ற ஃபீஸ் எல்லாம் முழுதாக உங்கள் தலையில். கல்விக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு ‘இதர கட்டணம்’ என்ற வரியில் ஈடுகட்டும் கல்லூரிகள் இருக்கின்றன. அதனால் நான்கு வருடத்துக்குமான கட்டண விவரத்தைத் தாளில் வாங்குங்கள். “வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும்?” என்றும் கேட்டு, பதிலை அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நன்கொடை என்று ரசீதில்லாமல் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1992-லேயே தமிழ்நாட்டில் அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது.

அடுத்து, சென்னைக்கே உரிய தலைவலி: போக்குவரத்து. புறநகர்க் கல்லூரிகள் ஓஎம்ஆர், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் பக்கம் பரவிக் கிடக்கின்றன. கல்லூரி பஸ் கட்டணம் வருடத்துக்குப் பல ஆயிரம். சில இடங்களில் பஸ் வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அது கட்டாயமா என்று முன்பே கேளுங்கள். கொளத்தூரில் வீடு, சிறுசேரி பக்கம் கல்லூரி என்றால் பிள்ளை விடியற்காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், மெட்ரோ வேலையில் திணறும் ஓஎம்ஆரில் ஊர்ந்து போக வேண்டும், இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். பஸ் கட்டணத்தை எழுதும்போதே அதன் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்றும் எழுதிவையுங்கள். தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் கழித்துவிட்டு முதல் வருடக் கணிதத்தில் அரியர் வைக்காமல் தப்பிப்பது சாதாரண விஷயமல்ல. அந்த அரியர் ஸ்காலர்ஷிப்பையே காலி செய்யலாம். அதை அடுத்த படியில் பார்ப்போம்.

ரயில் பாதையை ஒட்டிய கல்லூரியென்றால் கணக்கே மாறிவிடும். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதையில் குரோம்பேட்டை, தாம்பரம், பொத்தேரி என்று கல்லூரிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் நிலையங்கள் இருக்கின்றன. ரயில்வேயில் மாணவர் சீசன் டிக்கெட்டுக்குச் சலுகை உண்டு. பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசமாகவே தருகிறார்கள். கல்லூரியில் அதற்கான சான்று வாங்கினால் போதும். பலர் இதை விசாரிப்பதேயில்லை. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆக, மாநகரப் பேருந்தோ மின்சார ரயிலோ போய்ச் சேரும் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்தால், கல்லூரி பஸ்ஸுக்கு நான்கு வருடத்தில் போகும் ஒன்றரை லட்சம் மிச்சம். எந்தக் கல்லூரியும் ஸ்காலர்ஷிப் என்று விளம்பரம் செய்யாத பணம் இது.

விடுதி என்றால் அறை வாடகையும் மெஸ்ஸும் தனித்தனியா, சேர்த்தா? அரசுக் கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் மாதச் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் ‘டிவைடிங்’ முறை. தனியாரில் விடுமுறையிலும் சேர்த்து முழு வருடத்துக்கும் வாங்கிவிடுவார்கள். வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி மாணவர்கள் பேயிங் கெஸ்ட் அறை தேடும் முன் அரசின் சமூகநீதி விடுதிகளை விசாரிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று இருந்தவற்றுக்குத்தான் 2025-ல் இந்தப் பெயர் வந்தது. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி இவற்றில் ஒன்று. தங்குவதும் சாப்பாடும் இலவசம், இடங்கள்தான் குறைவு. அட்மிஷன் கிடைத்த வாரமே விண்ணப்பியுங்கள்.

படி 3: ஸ்காலர்ஷிப் கடிதத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

கடிதம் இல்லையென்றால் ஸ்காலர்ஷிப்பும் இல்லை. போனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் போஸ்டராக வந்தது எதுவும் கணக்கில் சேராது. கல்லூரி முத்திரையோடு, மாணவர் பெயரோடு, தொகையோடு தாள் வேண்டும். அதில் தேட வேண்டியவை இவை:

எத்தனை வருடத்துக்கு? முதல் வருடத்துக்கு மட்டும் என்றால் அந்த 50 சதவீதம் உண்மையில் நான்கு வருடக் கல்விக் கட்டணத்தில் 12.5 சதவீதம்தான்.

தொடர என்ன நிபந்தனை? சிஜிபிஏ (பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் சராசரி) 8 அல்லது 8.5, அரியர் இருக்கக் கூடாது, வருகைப்பதிவு இத்தனை சதவீதம் என்று இருக்கும். இங்கே இன்னும் ஆழமாகக் கேளுங்கள். அரியரை அடுத்த செமஸ்டரில் கிளியர் செய்தால் ஸ்காலர்ஷிப் திரும்பக் கிடைக்குமா, போனது போனதுதானா? ஒரு செமஸ்டரில் 8.4 வந்தால் அந்த வருடம் மட்டும் போகுமா, மிச்ச வருடங்களும் போகுமா? அட்மிஷன் கவுன்ட்டரில் கிடைக்கும் பதிலைவிட, அதே கல்லூரியின் இரண்டாம், மூன்றாம் வருட மாணவர்களிடம் கிடைக்கும் பதில் நம்பகமானது. “உன்னோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் வருகிறது?” என்ற ஒரு கேள்வி போதும்.

எப்படிக் கழிப்பார்கள்? கட்டணச் சீட்டிலேயே குறைத்துவிட்டால் நல்லது. ‘முழுதாகக் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருவோம்’ என்றால், அந்தத் தொகையை நீங்கள் எங்கேயாவது புரட்டத்தான் வேண்டும். அதற்கான வட்டியும் செலவில் சேரும்.

ஏறும் கட்டணத்துக்கும் பொருந்துமா? ‘75,000 ரூபாய் தள்ளுபடி’ என்பதும் ‘25% தள்ளுபடி’ என்பதும் முதல் வருடம் ஒரே தொகையாக இருக்கலாம். கட்டணம் ஏறும்போது சதவீதம் கூடவே ஏறும், தொகை நின்ற இடத்திலேயே நிற்கும்.

கிளை (பாடப்பிரிவு) மாறினால், படிப்பை விட்டு விலகினால், இதுவரை தந்த தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பார்களா? அரிதுதான், ஆனால் சில கடிதங்களில் அந்த வரி இருக்கிறது.

படி 4: அரசுப் பணம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

கல்லூரி தருவது விலைக் குறைப்பு. அரசு தருவதில் ஒரு பகுதி கட்டணத்திலேயே கழியும், ஒரு பகுதி வங்கிக் கணக்குக்கு வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான சலுகைகளுக்கு ஒரே வாசல்தான்: கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் எடுத்த நிமிடமே அவற்றில் பல கைவிட்டுப் போய்விடும். மே மாதத்து போனுக்கு மயங்கி அட்வான்ஸ் கட்டுவதன் உண்மையான விலை இதுதான்.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால், ஒரு பிள்ளைக்கு மட்டும், கலந்தாய்வில் சேர்ந்த தொழிற்கல்விப் படிப்பில் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அண்ணனுக்கு ஏற்கெனவே வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட வேண்டும். சேர்ந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021-லிருந்து தொழிற்கல்வியில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இந்தத் தகுதி உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், வேறெந்தக் கல்லூரியின் ‘100% ஸ்காலர்ஷிப்’ கடிதத்தையும் இதோடு ஒப்பிட்ட பிறகே தொட வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தனி. அரசுப் பள்ளிகளோடு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை பொருந்தும். நான்கு வருடத்தில் ஏறத்தாழ 48,000. புத்தகம், பயணம், கைச்செலவு இதில் ஓடிவிடும்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்குக் கட்டணம் வராது. மாநில அரசு உதவிகளுக்கு இப்போது யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) வேண்டும். அதைக் கல்லூரிதான் பதிவு செய்து தரும். சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மத்திய அரசுப் பக்கம், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி: தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்று இதே தொகையில் தனித் திட்டங்கள் உண்டு. மற்றொன்று, பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கானது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, நான்காம் வருடம் 20,000.

இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியாது. மத்திய அரசின் ஒரு உதவித்தொகை வாங்கினால் பெரும்பாலும் இன்னொன்றுக்குத் தகுதி போய்விடும். கல்லூரித் தள்ளுபடி வாங்குகிறவருக்கும் சில திட்டங்கள் கதவைச் சாத்திவிடும். அதனால் தாளில் எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்காமல், சேர்ந்து வரக்கூடிய கூட்டணி எது, அதில் பெரியது எது என்று பாருங்கள். இன்னொன்று, இந்தப் பணம் ஜூலையில் வராது. கட்டணம் ஜூலையில், உதவித்தொகை பல மாதம் தள்ளி. முதல் வருடத்துக்கு உதவித்தொகை இல்லை என்று வைத்துக்கொண்டே பணம் ஏற்பாடு செய்வது நல்லது. ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் விண்ணப்பத்தைச் சரிபார்த்தாரா என்று பின்னாலேயே நின்று கேட்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி லாகினில் தூங்கிக் காலாவதியாவது வருடாவருடம் நடக்கும் கதை.

படி 5: கணக்கு

கற்பனைக் குடும்பம் ஒன்று. கொளத்தூரில் வீடு, ஆண்டு வருமானம் 6 லட்சம், மகள் தனியார் பள்ளியில் படித்தவள், பெற்றோர் பட்டதாரிகள். கையில் மூன்று வாய்ப்பு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாய்ப்பு, வேறு ஊரில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி. கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000, விடுதியும் மெஸ்ஸும் 50,000, ஊருக்கு வந்துபோக 6,000, கைச்செலவு 12,000. ஆண்டுக்கு 88,000. நான்கு வருடத்துக்கு 3.52 லட்சம், தொடக்கச் செலவு 10,000. மொத்தம் 3.62 லட்சம்.

இரண்டாவது, கலந்தாய்வில் கிடைத்த புறநகர் சுயநிதிக் கல்லூரி. கல்விக் கட்டணம் 55,000, இதர கட்டணம் 30,000, பஸ் 40,000. ஆண்டுக்கு 1.25 லட்சம், நான்கு வருடத்துக்கு 5 லட்சம், தொடக்கச் செலவு 15,000. மொத்தம் 5.15 லட்சம். ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை.

மூன்றாவது, 50% ஸ்காலர்ஷிப்போடு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கல்விக் கட்டணம் 3 லட்சத்தில் பாதி 1.5 லட்சம், இதர கட்டணம் 40,000, பஸ் 45,000. ஆண்டுக்கு 2.35 லட்சம், நான்கு வருடத்துக்கு 9.4 லட்சம், தொடக்கச் செலவு 25,000. மொத்தம் 9.65 லட்சம். முதல் வருடத்தில் சிஜிபிஏ குறைந்து ஸ்காலர்ஷிப் நின்றால், மீதி மூன்று வருடமும் கூடுதலாக 1.5 லட்சம். அப்போது மொத்தம் 14.15 லட்சம்.

‘ஆறு லட்சம் மிச்சம்’ என்று போனில் சொன்ன கல்லூரிதான் மூன்றிலும் விலை உயர்ந்தது. இரண்டாவது கல்லூரியில் பிரகதி கிடைத்தால் 2 லட்சம் குறைந்து 3.15 லட்சமாகி, அரசுக் கல்லூரியைவிடவும் கீழே போகும் (அரசுக் கல்லூரிக்கும் அது கிடைக்கலாம், அது வேறு விஷயம்). ஆனால் அனுமதி வரும்வரை அதைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். தாளில் இரண்டு பத்திகள் வையுங்கள்: ‘கையில் இருப்பது’, ‘வரலாம்’. முடிவை முதல் பத்தியை வைத்து எடுங்கள்.

மலிவானதுதான் நல்லது என்று சொல்லவரவில்லை. மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்து இரண்டாவதில் விருப்பமே இல்லாத கிளை என்றால் யோசிக்கத்தான் வேண்டும். அப்போது கேள்வி துல்லியமாகிறது: இந்தக் கூடுதல் 4.5 லட்சத்துக்கு, கெட்ட நிலைமையில் 9 லட்சத்துக்கு, என்ன கிடைக்கிறது? விளம்பரப் பலகையில் இருக்கும் ‘அதிகபட்சச் சம்பளம்’ யாரோ ஒருவருடையது. கல்லூரி மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்திருந்தால், அதற்குக் கொடுத்த தரவு அதன் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். போஸ்டரைவிட அந்த பிடிஎஃப் பயனுள்ளது.

படி 6: மிச்சத்துக்குக் கடன் என்றால்

ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு வருடம் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10% என்று வைப்போம். வாங்கியது 8 லட்சம். படிப்புக்காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து வருட முடிவில் வட்டி மட்டும் 2.8 லட்சம். ஆக 10.8 லட்சத்தை 10 வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 14,270 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 10,570 சொச்சத்தில் நிற்கும். முதல் வேலையில் கைக்கு 25,000 வரும் பிள்ளை அதில் பாதிக்கு மேல் வங்கிக்குக் கொடுத்துவிட்டு சென்னையில் வாடகையும் கொடுக்க முடியுமா என்று, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

7.5 லட்சம்வரை பொதுவாக வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. 4 லட்சம்வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்கல்வி என்றால், தவணை தொடங்கும்வரையான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி, பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது. வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 10 லட்சம்வரையான கடனுக்கு 3% வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள். மேனேஜர்கள் எல்லோருக்கும் எல்லாத் திட்டமும் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

படி 7: கேட்டுப் பாருங்கள்

கடிதத்தில் இருப்பது இறுதி என்று நினைக்காதீர்கள். இடங்கள் காலியாக இருக்கும் கிளைகளில் கல்லூரிகள் இறங்கிவரும். இன்னொரு கல்லூரியின் கடிதத்தை எடுத்துப்போய், அட்மிஷன் அலுவலரிடம் மரியாதையாக, “சார், இந்தக் கல்லூரியில பிள்ளைக்கு விருப்பம். ஆனா வீட்டுக் கணக்குல வருஷத்துக்கு 40,000 இடிக்குது. நிபந்தனையையாவது அரியர் இல்லைன்னா போதும்னு மாத்த முடியுமா?” என்று கேளுங்கள். தொகையை ஏற்ற மறுப்பவர்கள்கூட நிபந்தனையைத் தளர்த்தவோ, தவணையில் கட்டவோ ஒத்துக்கொள்வதுண்டு. 8.5 சிஜிபிஏ என்பதை 7.5 ஆக மாற்றி வாங்குவது, தள்ளுபடியில் 5% கூட்டி வாங்குவதைவிடப் பெரிய லாபம். ஒத்துக்கொண்டதைப் புதுக் கடிதமாக வாங்குங்கள்.

படி 8: அட்வான்ஸ் கட்டும் முன்

கலந்தாய்வு முடியாமல் எங்கும் பெரிய தொகை கட்டாதீர்கள். கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்ததும் ‘ஏற்றுச் சேர்கிறேன்’ என்பதோடு, ‘ஏற்கிறேன், மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் அதற்கு நகர்த்துங்கள்’ என்று சொல்லவும் வழி இருக்கிறது. அவசரப்பட்டு முதலாவதை அழுத்தியவர்கள் கிடைத்திருக்கக்கூடிய மலிவான இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

வேறு வழியில்லாமல் முன்பணம் கட்டிவிட்டு இன்னொரு இடம் கிடைத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் 2018 அறிவிக்கை துணைக்கு வரும். அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். 5,000 ரூபாய்க்கு மிகாமல் செயலாக்கக் கட்டணம் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90%. தேதி கடந்து 15 நாள்வரை 80%, 30 நாள்வரை 50%, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. முழுதாகத் திருப்பித் தர வேண்டிய தேதியைச் சில வருடங்களில் யுஜிசி தனியாகவும் அறிவிக்கிறது, அதையும் பாருங்கள். ஏஐசிடிஇ கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். ‘எங்கள் ரசீதில் திருப்பித் தரப்படாது என்று அச்சடித்திருக்கிறது’ என்ற பதில் செல்லாது. அசல் டிசி-யையும் மதிப்பெண் சான்றிதழையும் பிடித்துவைக்கவும் கல்லூரிக்கு உரிமையில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

விலகும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதிதான் இங்கே பணம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் யுஜிசி-யின் இ-சமாதான் இணையதளத்தில், ரசீதையும் அந்தக் கடிதத்தையும் இணைத்துப் புகார் பதிவு செய்யலாம்.